ஏழாவது நடைமேடைக்கு முன்னால் ஒரு மூச்சு

பேருந்து நிலையத்தில் விசாரணைக் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவள் நான். மனிதப் பொறுமையைச் சோதிப்பதற்கென்றே ஒரு வேலையை யாராவது கண்டுபிடித்தார்கள் என்றால் அது இதுதான். தலைக்கு மேலே இருக்கும் ஒலிபெருக்கி, "துறைமுகம் செல்லும் பேருந்து ஏழாவது நடைமேடையில்" என்று சொல்லி முடிப்பதற்குள் கண்ணாடி ஓட்டையில் ஒரு மூக்கு நுழையும். "துறைமுகம் பஸ் எங்கங்க நிக்குது?" காது எதற்கு இருக்கிறது, கம்மல் மாட்டவா என்று நாக்கு நுனிவரை வரும். விழுங்கிக்கொண்டு "ஏழு" என்பேன். மூக்கு போகும். அடுத்த மூக்கு வரும்.

அந்த ஒலிபெருக்கியில் பேசுகிறவர் எனக்குப் பக்கத்து அறை. நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு மட்டும். அவருக்குப் பெயர் என்று ஒன்று இருந்தது, ஆனால் அதை யாரும் பயன்படுத்தியதில்லை. டிரைவரிலிருந்து மேனேஜர்வரை எல்லோருக்கும் அவர் மைக் அக்கா. பதிலுக்கு அவர் என்னை "விசாரணை" என்று கூப்பிடுவார். "ஏய் விசாரணை, டீ சொன்னியா?" என்று கண்ணாடியைத் தட்டினால் எனக்கும் அது சொந்தப் பெயர் மாதிரியே ஆகிவிட்டது.

அவருடைய குரல் ஊருக்கே தெரியும், முகம் யாருக்கும் தெரியாது. ஒருமுறை சிலிண்டர் வரவில்லை என்று கேஸ் கம்பெனிக்குப் போன் செய்து சண்டை பிடித்திருக்கிறார். எதிர்முனையில் இருந்த பெண் முழுவதும் கேட்டுவிட்டு, "மேடம், சிலிண்டர் எந்த நடைமேடைக்கு வரணும்?" என்றாளாம். இதை அக்கா பல தடவை சொல்லிச் சிரித்திருக்கிறார். காய்கறிக் கடையில் எதிரே நின்று பேரம் பேசும்போது மட்டும் யாருக்கும் அந்தக் குரல் பிடிபடாது. ஒலிபெருக்கி, போன் என்று ஏதாவது ஒரு கருவி வழியாக வந்தால்தான் அது அவர் குரல் போலிருக்கிறது.

அந்தக் குரலைவிட அவருடைய மூச்சுதான் பெரிய விஷயம். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு, அணைக்கட்டு, சுங்கச்சாவடி, பழைய பாலம் வழியாகத் துறைமுகம் வரை செல்லும் விரைவுப் பேருந்து ஏழாவது நடைமேடையிலிருந்து இன்னும் சிறிது நேரத்தில் புறப்படத் தயாராக உள்ளது." இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்வார். எங்கேயும் இழுக்காது, எங்கேயும் தேயாது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் சொல்லிப் பார்த்துவிட்டுப் பழைய பாலத்திலேயே மூச்சு முட்டி நின்றுவிடுவார்கள். அக்காவுக்கு அதில் பெருமை உண்டு. வெளியே காட்டிக்கொள்ளமாட்டார், ஆனால் உண்டு.

வீட்டில் அவர் தனி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தார், பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது, தம்பி வேலையென்று வேறு ஊருக்குப் போய்விட்டார். வரன்கள் வந்தன, வாசலிலிருந்து அம்மாவின் கட்டிலைப் பார்த்தன, போயின. இதையெல்லாம் வருத்தமாகச் சொல்லமாட்டார். யாரோ பஸ்ஸைத் தவறவிட்ட கதையைப் போலச் சொல்வார். அம்மா போனபிறகு வீடும் அவரும்தான் மிச்சம்.

என் கதை நேர்மாறு. மாமியார், மாமனார், கணவர், பிள்ளைகள், அவ்வப்போது வந்து தங்கும் நாத்தனார். குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாலும் கதவுக்கு வெளியே நின்று, "சர்க்கரை டப்பா எங்கே?" என்று கேட்கும் குடும்பம் அது. அங்கேயும் எனக்கு விசாரணைக் கவுண்டர்தான். "உங்களுக்கென்னக்கா, ராணி மாதிரி தனியா இருக்கீங்க" என்பேன். அவர் சிரிப்பார். ஒருநாள் மட்டும் சிரிக்கவில்லை.

"நாள் முழுக்க ஊருக்கே பேசறேன்டி. வீட்டுக்குப் போனா ‘ம்’ கொட்ட ஒரு ஆள் இல்ல. சாவியத் திருப்புற சத்தம்தான் எனக்குக் கேக்குற கடைசிச் சத்தம். அப்புறம் மறுநாள் காலையில திரும்பவும் அதே சாவிதான்."

டீயைக் கொடுத்தேன்.

அதற்கப்புறம்தான் புறாக்கள் வந்தன. பால்கனியில் ஒரு ஜோடி வந்து பழைய வாஷிங் மெஷினுக்குப் பின்னால் கூடு கட்டியதாகச் சொன்னார். விரட்டிவிடத்தான் போனாராம். போனவர் சோளத்தைத் தூவிவிட்டு வந்தார். ஜோடி கூட்டமாயிற்று. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது வாசல்வரை வழியனுப்ப வராத குறைதான். சாயங்காலம் சாவி திரும்பும் சத்தம் கேட்டதும் பால்கனி முழுக்கச் சிறகடிக்கும். அதில் ஒன்றுக்குக் கால் கொஞ்சம் வளைந்திருக்கும். மற்றதையெல்லாம் தள்ளிக்கொண்டு முதலில் வந்து, "உள்ளே போ, உள்ளே போ" என்பதுபோலக் கத்துமாம். அதற்குக் கண்டக்டர் என்று பெயர் வைத்தார். கண்டக்டர் ஜன்னல் வழியாக உள்ளே வந்து கட்டில் கம்பியில் உட்கார்ந்து அவரோடு டிவி பார்க்கும். அக்கா பேசினால் தலையைச் சாய்த்துக் குனுகும்.

"பதில் சொல்லுதுடி," என்றார். அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் முன்னால் பார்த்ததில்லை. எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

வாராந்தர விடுமுறையன்று பால்கனி சுத்தம். காய்ந்து ஒட்டிக் கிடப்பதையெல்லாம் சுரண்டி, விளக்குமாற்றால் பெருக்கி, கூட்டி அள்ளுவார். ஜன்னல் திரையையும் படுக்கை விரிப்பையும் உதறுவார். வெயிலில் தூசி பொன்போல மிதக்கும் என்று ரசித்துச் சொல்வார். மறுநாள் வேலைக்கு வரும்போது உடம்பு கொதிக்கும், கைகால் எல்லாம் அடித்துப் போட்டதுபோல வலிக்கும். ஒருநாள் இருந்துவிட்டுப் போய்விடும். அடுத்த விடுமுறை முடிந்ததும் திரும்ப வரும்.

"எல்லாருக்கும் லீவு போடறதுக்குக் காய்ச்சல் வரும். உங்களுக்கு லீவு முடிஞ்சா வருதே. உங்கள மாதிரி ஒரு ஊழியர் மேனேஜருக்குக் கிடைக்கணுமே!" என்று கேலி செய்தேன்.

பிறகு இருமல் பிடித்தது. சளி இல்லாத வறட்டு இருமல். பேசும்போது வராது, பேசி முடித்து சுவிட்சை அணைத்ததும் குலுக்கும். இதில் ஆச்சரியப்பட யாருக்கும் ஒன்றுமில்லை. நாள் முழுக்க டீசல் புகை குடிக்கிற இடம் இது. டைம் கீப்பர் இருமுகிறார், பூக்காரம்மா இருமுகிறாள், நானும்தான் இருமுகிறேன். வீட்டுக்குப் பக்கத்து டாக்டரும் புகைதான் காரணம் என்று சிரப் கொடுத்தார். கேட்கவில்லை. மாத்திரை கொடுத்தார். அதற்கும் கேட்கவில்லை. அக்கா ஒரு மாஸ்க் வாங்கி, வேலைக்கு வரும்போது மாட்டிக்கொண்டார். வீட்டுக்குப் போனதும் கழற்றி வைத்துவிட்டுப் பால்கனிக் கதவைத் திறந்தார்.

கேன்டீன் எதிர்ப்பக்கம் இருக்கிறது. நடை மேம்பாலத்தில் படி ஏறி இறங்க வேண்டும். முதலில் படி நடுவில் நின்று கைப்பையில் எதையோ தேடினார். பிறகு போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். அது ஒலிக்கவே இல்லை என்பது எனக்குத் தெரியும். அப்புறம் ஒருநாள், "பசிக்கல, நீ போயிட்டு வா" என்றார். அதற்கடுத்த நாளும் பசிக்கவில்லை. ரவிக்கை தோளில் தொளதொளவென்று ஆடியது. சாப்பிடாமல் இளைக்கிறார் என்றுதான் நினைத்தோம். படி ஏற முடியாததால்தான் சாப்பிடவில்லை என்று யாருக்கும் தோன்றவில்லை. அவருடைய வீடு மேல்மாடி என்பதும், அந்தக் கட்டிடத்தில் லிஃப்ட் வேலை செய்யாது என்பதும், ஒவ்வொரு திருப்பத்திலும் மூடிய கதவுகளுக்கு எதிரே அவர் தனியாக நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார் என்பதும் பின்னால்தான் எங்களுக்குத் தெரிந்தது.

விரல்களும் மாறிக்கொண்டிருந்தன. நுனி உருண்டு, நகம் கவிழ்ந்த கிண்ணம்போல வளைந்து பளபளத்தது. சுவிட்சில் வைத்த கையைப் பார்த்து, "நெயில் பாலிஷ் கம்பெனிக்காரன் சந்தோஷப்படுவான்" என்றேன். அவரும் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வலி இல்லையே என்றார். வலி இல்லாத எதையும் நாம் நோய் என்று எடுத்துக்கொள்வதே இல்லை.

அறிவிப்பு சுருங்கத் தொடங்கியது. முதலில் "கனிவான" போயிற்று. அப்புறம் "பயணிகளின்" போயிற்று. அப்புறம் வழியில் இருக்கும் ஊர்கள் ஒவ்வொன்றாக. கடைசியில் "துறைமுகம் விரைவுப் பேருந்து, ஏழாவது நடைமேடை" என்பதோடு நின்றது. மேனேஜர் கண்ணாடி அறைக்கே வந்து பாராட்டினார். "இதுதாம்மா வேணும். சுருக்கமா, தெளிவா. இனிமே எல்லாரும் இப்படியே பேசணும்." அக்கா தலையை ஆட்டி நன்றி சொன்னார். வாய் திறந்து சொல்லவில்லை.

இதோடு ஒலிபெருக்கியில் ஒரு கோளாறு வந்தது. ஒவ்வொரு அறிவிப்புக்கும் முன்னால் ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஓர் இரைச்சல். நடுவிலும் ஒருமுறை. நிலையம் முழுக்கக் கேட்டது. புகார் வந்தது. எங்கள் எலக்ட்ரீஷியன் அண்ணன் தொழிலில் ரோஷக்காரர். மைக்கை மாற்றினார், இரைச்சல் போகவில்லை. வயரை மாற்றினார், போகவில்லை. ஆம்ப்ளிஃபயரைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்ப் பிரித்து மேய்ந்துவிட்டுக் கொண்டு வந்தார். ‘ஸ்ஸ்ஸ்’ அப்படியே இருந்தது. "எர்த்ல கோளாறும்மா" என்று தரையைத் தோண்டக்கூட ஆள் கூட்டி வந்தார்.

அந்தச் சமயத்தில்தான் அக்கா தம்பி வீட்டுக்குப் போனார். தம்பி மனைவிக்குப் பிரசவம், உதவிக்கு ஆள் வேண்டும். டிக்கெட் பிரிவிலிருந்து ஒரு பெண் மைக்கில் உட்கார்ந்தாள். இரைச்சல் நின்றது. எலக்ட்ரீஷியன் அண்ணன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நடந்தார். "பாத்தியா, எர்த்துதான்!"

லீவு முடிந்து திரும்பிய அக்கா வேறு ஆளாக இருந்தார். கன்னத்தில் சதை போட்டிருந்தது. இருமல் இல்லை. என்னோடு மேம்பாலம் ஏறி, ஒரே ஒருமுறை நின்று, கேன்டீனில் வந்து சாப்பிட்டார். சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்:

"எனக்கு என்ன வியாதின்னு தெரிஞ்சுபோச்சு, விசாரணை. தனியா இருக்கிறதுதான். அங்க வீடு நிறைய ஆளு. கொழந்த அழுகை, சண்டை, சிரிப்பு. எனக்கு இருமவே நேரமில்ல. போன வாரம் மாடிப்படி ஏறுனேன், தெரியுமா? இங்க வந்தா மறுபடியும் நெஞ்சு பிடிக்குது. ஆள் இல்லாத வீட்டுல மூச்சுவிடக்கூட முடியல பாரு."

நம்பினேன். இவ்வளவு அழகாகச் சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்? தம்பி வீட்டிலேயே இருந்துவிடுங்கள் என்றேன். "அவங்களுக்கே இடமில்ல. அதுவுமில்லாம..." என்று சோற்றைப் பிசைந்தார். "கண்டக்டரெல்லாம் பாவம். நான் வந்து கதவத் தொறந்ததும் ஓடி வந்தது பாக்கணுமே. எல்லாம் ஜன்னலே கதின்னு கெடந்திருக்குங்க."

சில நாளில் இருமல் திரும்பியது. மேம்பாலம் மறுபடி தூரமாயிற்று. ஒலிபெருக்கியில் ‘ஸ்ஸ்ஸ்’ வந்தது. எலக்ட்ரீஷியன் அண்ணன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

அன்று மத்தியானம் கூட்டம் குறைவு. கவுண்டரில் மூக்கு எதுவும் இல்லை. நான் சும்மா கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா அறிவிப்புக்குத் தயாரானார். தோள் இரண்டும் மேலே ஏறின. கழுத்துக்குக் கீழே இருக்கும் குழி உள்ளே போனது. ‘ஸ்ஸ்ஸ்.’ தடுப்புக்கு இந்தப் பக்கம் அது எனக்குத் தெளிவாகக் கேட்டது. எப்போதும் முதலில் சுவிட்சை அழுத்துகிற விரல் அன்று அப்புறம்தான் அழுத்தியது, சிவப்பு விளக்கு எரிந்தது.

மைக் போடுவதற்கு முன்பே இரைச்சல் வந்துவிட்டது.

எழுந்து அவர் அறைக்குப் போனேன். "அக்கா, கோளாறு மைக்ல இல்ல. உங்க நெஞ்சுல" என்றேன். எனக்கு நாசூக்காகப் பேசத் தெரியாது. அவர் முறைத்தார். நான் அதைவிடப் பெரிதாக முறைத்தேன். பக்கத்து டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். அவரும் இந்தத் தடவை அக்காவின் விரல் நகங்களைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரப் எழுதவில்லை. நுரையீரல் டாக்டருக்குச் சீட்டு எழுதினார்.

நுரையீரல் டாக்டர் ஒரு பெண். என்னைவிடச் சின்னவள்தான் இருப்பாள். அவசரப்படாதவள். அக்காவின் முதுகில் கருவியை வைத்து வெகுநேரம் கேட்டாள். பிறகு மேஜைமேல் கிடந்த, ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை எடுத்து, ஒட்டியிருந்ததைப் பிய்த்தாள். சர்ரென்று சத்தம்.

"கேட்டுச்சா? மூச்ச உள்ள இழுக்கும்போது உங்க முதுகுல கீழ்ப்பக்கம் இந்தச் சத்தம்தான் கேக்குது" என்றாள்.

விரலில் ஒரு கிளிப்பை மாட்டி வராந்தாவில் நடக்கச் சொன்னாள். உட்கார்ந்திருந்தபோது நன்றாக இருந்த எண் நடக்க நடக்க இறங்கிக்கொண்டே போனது. ஒரு குழாயில் ஊதச் சொன்னாள். ஊருக்கே ஒரே மூச்சில் வழி சொன்ன மனுஷி பாதி ஊதுவதற்குள் இருமி, கண்ணில் நீர் கட்ட, என்னைப் பார்த்தார். ஸ்கேன் எடுத்தோம், ரத்தம் கொடுத்தோம். எல்லாம் வந்தபிறகு மறுபடி போனோம்.

"எங்க இருந்தா நல்லா இருக்கு, எங்க இருந்தா மோசமா இருக்கு?" என்று டாக்டர் கேட்டாள்.

அக்கா தயாராக வைத்திருந்த பதிலைச் சொன்னார். "ஆளுங்க இருந்தா நல்லா இருக்கும்மா. தனியா இருந்தா மூச்சு வாங்குது."

டாக்டர் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்தாள். "சரி, மாத்திக் கேக்கறேன். உங்க வீட்ல இருக்கிற எது உங்க தம்பி வீட்ல இல்ல?"

"என் வீட்ல என்னம்மா இருக்கு?" அக்கா கையை விரித்தார். "ஒண்ணும் இல்ல. எல்லாம் அங்கதான் இருக்கு."

"புறா இருக்கேக்கா" என்றேன்.

அக்கா என் பக்கம் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் மறக்க முடியாது. ரகசியம் காக்கத் தெரியாதவளைப் பார்க்கிற பார்வை.

டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பால்கனி, விளக்குமாறு, உதறுகிற விரிப்பு, விடுமுறைக்கு மறுநாள் காய்ச்சல் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினாள். பிறகு ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் காட்டி மெதுவாகச் சொன்னாள். புறாவின் எச்சமும் இறகுப் பொடியும் காய்ந்து கண்ணுக்குத் தெரியாத தூளாகக் காற்றில் கலக்கும். பலருக்கு ஒன்றும் ஆகாது. சிலருடைய உடம்பு மட்டும் அதை எதிரியாக நினைத்துச் சண்டை போடும். சண்டை நடக்கிற இடம் நுரையீரல். ஆரம்பத்தில் வீக்கம், நாளாக ஆக வடு. தூசியை விட்டுத் தள்ளி இருந்தால் குறையும், திரும்பப் போனால் கூடும்.

"வடு விழுந்த இடம் இனிமே திரும்பாதும்மா. மிச்சத்தக் காப்பாத்தலாம். மருந்து தர்றேன். ஆனா அந்த வீட்ல புறா இருக்கிறவரைக்கும் மருந்து மட்டும் கொடுத்து நான் ஒண்ணும் பண்ண முடியாது. இப்படியே விட்டா உக்காந்து பேசறதுக்கே ஆக்ஸிஜன் தேவைப்படும்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கும்போதுதான் பேசினார். "அந்தப் பொண்ணுக்கு என்ன தெரியும்? அம்மா போனப்புறம் என் பக்கத்துல வந்து உக்காந்தது அதுங்க மட்டும்தான். அதையும் துரத்திட்டா அந்த வீட்ல யாருடி இருக்கா?"

"நீங்க இருப்பீங்க. உயிரோட."

"எதுக்கு?" என்றார்.

பஸ் எங்கே நிற்கிறது என்று கேட்டால் சொல்லிவிடுவேன். இதை எப்படிச் சொல்வது? கோபம்தான் வந்தது. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. கண்ணாடித் தடுப்பில் காலண்டரை ஒட்டி மறைத்தேன். மூன்றாம் நாள் நானே பிய்த்தேன். அக்கா மாத்திரைகளை விழுங்கிக்கொண்டு பால்கனிக்குச் சோளமும் வாங்கிக்கொண்டிருந்தார். ஊர்ப்பட்ட ஆளுக்கு எரிச்சலில் தவறான நடைமேடை சொல்லி அனுப்பினேன்.

இதை முடிவுக்குக் கொண்டுவந்தது துறைமுகம் பஸ்தான். பள்ளிகள் மூடிய நேரம், நிலையத்தில் நெரிசல். மேனேஜர் வந்து, வெளியூர்க்காரர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள், வழியில் உள்ள ஊர்களையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்றார். அக்கா சுவிட்சைப் போட்டார். "அணைக்கட்டு, சுங்கச்சாவடி, பழைய பாலம் வழியாகத் துறைமுகம் செல்லும் பேருந்து..."

நின்றுவிட்டது.

ஒலிபெருக்கி திறந்தே இருந்தது. அதில் ‘ஸ்ஸ்ஸ்... ஸ்ஸ்ஸ்...’ என்று மூச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது. நிலையத்தில் நின்ற அத்தனை பேரும் தலையை நிமிர்த்தி மேலே பார்த்தார்கள். ஒரு நாளும் அறிவிப்பைக் காதில் வாங்காத ஜனம், பேச்சு நின்றதும் கவனித்தது. நான் ஓடினேன். உதடு நீலம் பாரித்து, மேஜை விளிம்பை இரு கையாலும் பிடித்துக்கொண்டு, தோளால் மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து மைக்கைக் கண்ணால் காட்டினார். அந்த நிலையிலும் பஸ் போய்விடுமே என்கிற கவலை.

குனிந்து மைக்கில் சொன்னேன்: "ஏழு. ஏழாவது நடைமேடை." என் சண்டைக்காரக் குரல் ஊர் முழுக்க எதிரொலித்தது. சுவிட்சை அணைத்தேன். எலக்ட்ரீஷியன் அண்ணன் நாற்காலியோடு அவரைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினார்.

ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு படுத்திருந்தபோது என் கையைச் சுரண்டினார். "பால்கனிக்கு வலை அடிக்கிற ஆளக் கூப்பிடு" என்றார். சொல்லிவிட்டு அழுதார். அழுவதற்கும் மூச்சு போதவில்லை, அதையும் பாதியில் நிறுத்த வேண்டியிருந்தது.

வீட்டைச் சுத்தம் செய்தது நாங்கள்தான். முகத்தை இறுக்கக் கட்டிக்கொண்டு, தண்ணீர் ஊற்றி நனைத்து நனைத்துக் கழுவினோம். திரை, மெத்தை, தலையணை எல்லாம் வெளியே போயின. கூட்டில் குஞ்சு எதுவும் இல்லாதது எங்கள் அதிர்ஷ்டம். பால்கனி முழுக்க வலை இழுத்துக் கட்டியாயிற்று. அதுவரை அக்கா என் வீட்டில் இருந்தார். மாமியாரோடு சேர்ந்து சீரியல் பார்த்தார். பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். இருமல் தணிந்தது.

"உன் வீட்ல ஆளும் இருக்கு, புறாவும் இல்ல. இதுல எது மருந்துன்னு எனக்கு இப்பவும் சந்தேகம்தான், விசாரணை" என்றார். இன்னும் கொஞ்ச நாள் இருங்கள் என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன். ஆனால் என் வீட்டில் அவர் கூடத்தில் படுத்திருந்தார், மாமனார் எழுந்து போகும்போதெல்லாம் கால் மடக்கினார். ஒரு காலையில் பையைக் கட்டிக்கொண்டு, "என் வீட்டுக்குப் போறேன்" என்று கிளம்பிவிட்டார்.

மைக்கில் இப்போது வேறு பெண். அக்காவை ரிசர்வேஷன் அறைக்கு மாற்றியிருக்கிறார்கள். அங்கே கம்ப்யூட்டரோடு வேலை, பேச்சு குறைவு. என் கண்ணாடித் தடுப்பை இப்போது யாரும் தட்டுவதில்லை. ஆனால் தினமும் சாயங்காலம், சாவியைத் திருப்பி உள்ளே போனதும், எனக்குப் போன் செய்வார். அது எங்கள் ஏற்பாடு. நான் எந்த வேலையில் இருந்தாலும் போனைக் காதில் வைத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வேன். வெளியே சர்க்கரை டப்பாவை எவர் தேடினாலும் சரி.

நேற்றும் செய்தார். ஒரு மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு பழைய குரலில், எனக்கு ஒருத்திக்கு மட்டும்:

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு, அணைக்கட்டு, சுங்கச்சாவடி, பழைய பாலம் வழியாகத் துறைமுகம் வரை செல்லும் விரைவுப் பேருந்து..." இங்கே உடைந்தது. இன்னொரு மூச்சு. "ஏழாவது நடைமேடையிலிருந்து..."

"எங்க நின்னேன்?"

"ஏழாவது நடைமேடைக்கு முன்னாடி."

"போன மாசமும் அங்கதானே?"

"அங்கேயேதான்க்கா."

"அப்ப குறையல" என்றார். குறையாமல் இருப்பதுதான் ஜெயிப்பது என்று அந்த டாக்டர் சொல்லியிருக்கிறாள். அப்போது அவர் பக்கத்திலிருந்து, தொலைவாக, குர்ர் குர்ர் என்று ஒரு சத்தம் கேட்டது.

"அக்கா, ஜன்னல் மூடியிருக்கா?"

"மூடித்தான்டி இருக்கு. கண்டக்டர்தான். வலைக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுப் பைப்புமேல உக்காந்திருக்கான். இந்நேரத்துக்குத் தெனமும் வருவான். உள்ளயே பாத்துட்டு இருப்பான்."

"நீங்க என்ன பண்றீங்க?"

மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது.

"முதுகக் காட்டி உக்காந்திருக்கேன்" என்றார்.